இந்த ஆடுகள் என்ன செய்தன? வேதாகமத்தின் 2 சாமுவேல் 24 பற்றி ஒரு கேள்வி

ஜனவரி 9, இரவு 9.40 (வாசகர் கேள்வி)

இஸ்ரவேலின் தாவீது ராஜா ஜனங்களைத் தொகை பார்த்தான், அதாவது தலை எண்ணினான். அது பாவம் என்கிறார்கள். சரி, தண்டனை அவனுக்குத்தானே வரவேண்டும்? செத்தது 70,000 பேர். முதல் வசனத்தைப் படித்தால் தொகை பார்க்கும்படி அவனைத் தூண்டியதே கர்த்தருடைய கோபம் என்பதுபோல் இருக்கிறது. தூண்டியது ஒருவர், செய்தது ஒருவன், செத்தது வேறு யாரோ. சபையில் கேட்டால், "நாளாகமத்தைப் படி, தூண்டியது சாத்தான்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நேரான பதில் உண்டா?

ஜனவரி 9, இரவு 11.15

இதே கதையைத் திரும்பச் சொல்லும் நாளாகமத்தைக் காட்டி முடித்துவிட முடியாது. தூண்டியவர் பெயரை மாற்றினாலும் 70,000 பேர் அங்கேயும் அதே எண்ணிக்கையில்தான் சாகிறார்கள் (1 நாளாகமம் 21:14). உங்கள் கேள்வி யார் தூண்டினார் என்பதோடு நிற்கவில்லை. யார் செத்தார்கள் என்பதுதான் அதன் அடிமடி.

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்த்துவிடலாம். இந்த வரிசையைத் தவறவிட்டுத்தான் பாதிப் பேர் வாதம் பண்ணுகிறார்கள். கோபம் மூளுகிறது, தாவீது ஏவப்படுகிறான் (வ. 1). படைத்தலைவன் யோவாப் தடுக்கிறான், ராஜா கேட்கவில்லை. யோவாபின் ஆட்கள் ஆரோவேரில் தொடங்கி, கீலேயாத், தாண், சீதோன், தீரு என்று சுற்றி, பெயெர்செபாவில் முடித்து, 9 மாதமும் 20 நாளும் கழித்துத் திரும்புகிறார்கள். பட்டயம் உருவத்தக்கவர்கள் இஸ்ரவேலில் 8,00,000, யூதாவில் 5,00,000. தொகை கைக்கு வந்த பிறகுதான் தாவீதின் மனம் அவனை அடிக்கிறது. மறுநாள் காலையில் காத் தீர்க்கதரிசி மூன்று தண்டனைகளைக் கொண்டுவந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறான். கொள்ளைநோய் வருகிறது. தாணிலிருந்து பெயெர்செபாவரை 70,000 பேர் சாகிறார்கள். தூதன் எருசலேமின்மேல் கையை நீட்டும்போது கர்த்தர் மனஸ்தாபப்பட்டு "போதும்" என்கிறார் (வ. 16). அதற்கு அடுத்த வசனத்தில்தான் தாவீது, "நான்தான் பாவஞ்செய்தேன், இந்த ஆடுகள் என்ன செய்தது?" என்று கேட்கிறான்.

ஆக, உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்னே தாவீதே கேட்டுவிட்டான். வேதத்துக்கு வெளியே நின்று கேட்கிற கேள்வி என்று யாராவது உங்களைக் கடிந்தால், 17ஆம் வசனத்தைத் திறந்து காட்டுங்கள்.

ஜனவரி 10, காலை 6.50

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் 2 சாமுவேல் 24, வலது பக்கம் 1 நாளாகமம் 21. கதையை எழுதவேண்டாம். வினைச்சொற்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்தவர் யார் என்று குறியுங்கள். பத்து நிமிட வேலை. எங்கே இடறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

முதல் வினையிலேயே இடறும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சாமுவேலில் தாவீது "ஏவப்பட்டான்" என்று இருக்கிறது. நாளாகமத்தில் சாத்தான் தாவீதை "ஏவிவிட்டது" என்று இருக்கிறது. ஒன்று செயப்பாட்டுவினை, ஒன்று செய்வினை. எபிரெயத்தில் இந்த வித்தியாசமே கிடையாது. இரண்டு இடத்திலும் ஒரே வினை, ஒரே வடிவம்: "வய்யாசெத்", அவர் ஏவினார். சாமுவேலில் அந்த வினைக்கு முன்னால் இருக்கிற ஒரே எழுவாய் கர்த்தருடைய கோபம்தான். தமிழில் எழுவாயை எடுத்துவிட்டு வினையை மட்டும் நிறுத்திவிட்டார்கள். தப்பான மொழிபெயர்ப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் கூச்சப்பட்ட மொழிபெயர்ப்பு. தலைமுறை தலைமுறையாகத் தமிழில் மட்டுமே வேதம் வாசித்தவர்களுக்கு இந்த வசனத்தின் முழுக் கனமும் கைக்கு வரவில்லை.

இதே வினை யோபு 2:3இலும் வருகிறது. அங்கே கர்த்தர் சாத்தானிடம், முகாந்தரமில்லாமல் யோபை நிர்மூலமாக்கும்படி "நீ என்னை ஏவினாய்" என்கிறார். முகாந்தரமில்லாமல் என்ற சொல்லைச் சொல்வது யோபின் நண்பர்கள் யாரும் இல்லை, கடவுளே சொல்கிறார். அந்தச் சொல்லைத் தாண்டிப் போகும் பிரசங்கம் எதுவும் யோபு புத்தகத்தைப் பிரசங்கித்ததாக ஆகாது.

ஜனவரி 10, பிற்பகல் 1.05

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். நாளாகமத்தில் "சாத்தான்" என்று சொன்னதை நானும் பிசாசின் பெயர் போலவே எழுதிவிட்டேன். யோபிலும் சகரியா 3இலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் சுட்டு இடைச்சொல் உண்டு, "அந்தக் குற்றஞ்சாட்டுகிறவன்" என்ற பதவிப் பெயர். 1 நாளாகமம் 21:1இல் அது இல்லை. ஆகவே பிசாசின் பெயராகவும் எடுக்கலாம், வெறும் "ஒரு எதிராளி" என்றும் எடுக்கலாம். 1 இராஜாக்கள் 11:14இல் ஏதோமியனாகிய ஆதாத் சாலொமோனுக்குச் "சாத்தான்", அதாவது விரோதி. எண்ணாகமம் 22:22இல் பிலேயாமின் வழியை மறித்து நிற்கும் கர்த்தருடைய தூதனுக்கே அந்தச் சொல்.

நாளாகமம் பாரசீகர் ஆட்சிக்காலத்து நூல், பெரும்பாலோர் கணிப்பில் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. சாமுவேலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதை எழுதினார்கள். அந்த ஆசிரியர் முதல் வசனத்தில் கைவைத்திருக்கிறார் என்றால் அவருக்கும் அது உறுத்தியிருக்கிறது. இன்று உங்களுக்கு உறுத்துவது புதுக் காலத்து மனசால் வந்த கோளாறு என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

ஜனவரி 10, இரவு 10.20

"எண்ணுவதில் அப்படி என்ன பாவம்?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

யாத்திராகமம் 30:12-16ஐ எடுங்கள். ஜனங்களை எண்ணும்போது அவர்களுக்குள்ளே வாதை வராதபடிக்கு, 20 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் (சேக்கல் என்பது ஒரு எடை) வெள்ளியைத் தன் ஆத்துமாவுக்கு மீட்கும்பொருளாகக் கொடுக்கவேண்டும். ஐசுவரியவான் கூட்டக்கூடாது, தரித்திரன் குறைக்கக்கூடாது. அந்தப் பணத்தின் கணக்கு 38ஆம் அதிகாரத்தில் சரியாக உட்காருகிறது: 6,03,550 பேர், ஆளுக்கு அரை, மொத்தம் 3,01,775 சேக்கல், அதாவது 100 தாலந்தும் 1,775 சேக்கலும் (ஒரு தாலந்து 3,000 சேக்கல்). எண்ணாகமம் 31இல் போரிலிருந்து திரும்பிய தலைவர்கள் வீரர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒருவன்கூடக் குறையவில்லை என்று கண்டவுடன், தங்கள் ஆத்துமாக்களுக்காகப் பாவநிவர்த்தி செய்யப் பொன் கொண்டுவருகிறார்கள், 16,750 சேக்கல். தலையை எண்ணினால் ஈடு கொடுத்தாகவேண்டும் என்ற எண்ணம் அந்த உலகத்தில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்று பாருங்கள்.

இஸ்ரவேலுக்கு வெளியிலும் இதன் சாயல் உண்டு. சிரியாவில் யூப்ரடிஸ் கரையில் மாரி நகரத்தில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில் படைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு "தேபிப்தும்" என்று பெயர். "சுத்தம்" என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. அது சடங்குச் சுத்திகரிப்பா, கணக்கை நேர் செய்வதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது.

யூத மரபில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. எண்ணப்பட்டதன்மேல் கண்ணேறு விழும் என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி அந்த யாத்திராகம வசனத்துக்கு உரை எழுதினார். தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுல் பேசேக்கில் வீரர்களை எண்ணியதை, ஓட்டாஞ்சில்லுகளை வைத்து எண்ணினான் என்று யூத ரபீக்களின் தொகுப்பான தால்முட் விளக்குகிறது. ஜெபத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்தார்களா என்று பார்க்க, ஒன்று இரண்டு என்று தலையைத் தொடாமல் பத்துச் சொல் கொண்ட ஒரு சங்கீத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். நம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கினவர்களுக்கு இந்தத் தயக்கம் அந்நியமாக இருக்காது.

இனி கணக்குக்கு வாருங்கள். தாவீது எண்ணியது 13,00,000 பேர். அரைச் சேக்கல் வீதம் 6,50,000 சேக்கல். யூதேயாவில் கிடைத்த எடைக்கற்களை வைத்துச் சேக்கல் ஏறத்தாழ 11.4 கிராம் என்றால், ஒரு ஆளுக்கு 5.7 கிராம் வெள்ளி. மொத்தம் சுமார் 7,400 கிலோ. அதை ராஜா வசூலிக்கவில்லை. அதற்காக வாதை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் இந்த விளக்கத்தைத்தான் கொடுக்கிறார்: மோசேயின் கட்டளையைத் தாவீது மறந்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயத்தில் தாவீது இடறினான் என்கிறது தால்முட்.

இது "ஏன் வாதை" என்பதை விளக்குகிறது. "ஏன் இவர்கள்மேல்" என்பதை விளக்கவில்லை. ஆளுக்கு 5.7 கிராம் வெள்ளியைக் கேட்டு வாங்கவேண்டியவன் ராஜா. கேட்காத கடனுக்குக் கடன்பட்டவன் உயிரை விட்டிருக்கிறான்.

ஜனவரி 11, காலை 7.30

மூன்று தண்டனைகள்: ஏழு வருஷப் பஞ்சம், சத்துருக்களுக்குமுன் மூன்று மாதம் ஓடுவது, மூன்று நாள் கொள்ளைநோய். (பஞ்சம் நாளாகமத்திலும் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் மூன்று வருஷம். மூன்று, மூன்று, மூன்று என்று ஒழுங்காக வருவதால் அதுவே மூலமாக இருக்கலாம்.)

இதில் ராஜாவின் முதுகில் நேராக விழுவது ஒன்றே ஒன்று, ஓடுவது. "உன் சத்துருக்கள் உன்னைப் பின்தொடர" என்று ஒருமையில்தான் இருக்கிறது. பஞ்சமும் நோயும் ஊரெல்லாம் பரவும். தாவீது என்ன சொன்னான்? "மனுஷர் கையிலே விழாதிருப்பேனாக." அதாவது தன்னை மட்டும் குறிவைத்த அந்த ஒன்றைத்தான் பெயர் சொல்லித் தள்ளினான். கர்த்தருடைய இரக்கங்கள் மகா பெரியது என்று அவன் சொன்ன வார்த்தையைச் சுவரில் எழுதி மாட்டுகிறோம். அந்த வார்த்தைக்கு விலை கொடுத்தவர்கள் சுவரில் இல்லை.

ஜனவரி 11, இரவு 8.45

காலையில் எழுதியதை இரண்டு பேர் மறுத்திருக்கிறார்கள். ஒருவருடைய மறுப்பு சரி.

ஜோசபஸ் இதே இடத்தில் தாவீதின் மனக்கணக்கை நேர்மாறாகச் சொல்கிறார். பஞ்சத்தைக் கேட்டால் அரண்மனைக் களஞ்சியத்தில் தானியம் இருக்கிறது, ராஜா பிழைப்பான். போரைக் கேட்டால் அவனைச் சுற்றி வீரரும் கோட்டையும் இருக்கிறது, பிழைப்பான். நோய் ஒன்றுதான் ராஜாவுக்கும் குடிமகனுக்கும் பொது, அதனால் அதைக் கேட்டான் என்கிறார். இது கௌரவமான வாசிப்பு. "தன்னைக் காப்பாற்றிக்கொண்டான்" என்று நான் நெஞ்சைத் தொட்டுச் சொன்னதுபோல் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. எபிரெயத்தில் தாவீது நோயைத் தெரிந்துகொண்டான் என்றே இல்லை. மனுஷர் கை வேண்டாம் என்றான், அவ்வளவுதான். பஞ்சமும் கர்த்தர் கைதான், நோயும் கர்த்தர் கைதான். "தாவீது தனக்கு மரணத்தைத் தெரிந்துகொண்டான், அது கோதுமை அறுப்பின் நாட்கள்" என்ற வரி கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் இருக்கிறது.

ஆனாலும் விளைவைப் பாருங்கள். பொதுவான நோய் என்றார் ஜோசபஸ். நோய் ராஜாவைத் தொடவில்லை. அவன் நகரத்தின் வாசலில் வந்து நின்றது. மனசில் நினைத்தது எதுவாக இருந்தாலும், நடந்தது அப்படித்தான்.

ஜனவரி 12, காலை 6.15

"ஜனங்களுக்கும் ஏதோ பாவம் இருந்திருக்கும்" என்கிற பதில் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. இது பழைய பதில். தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த அவன் மகன் அப்சலோமுக்குப் பின்னால் போனதற்கான தண்டனை என்று சிலர் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நாக்மனிதேஸ், ஆலயத்தைக் கட்டாமல் ஜனங்கள் தாமதித்ததற்கான தண்டனை என்று ஒரு ஊகத்தை முன்வைத்தார். அவர் பெரியவர். அந்த ஊகத்துக்கு 2 சாமுவேல் 7 இடம் கொடுக்கவில்லை. எனக்கு ஏன் வீடு கட்டவில்லை என்று எந்தக் கோத்திரத்திடமாவது கேட்டேனா என்று கர்த்தரே அங்கே கேட்கிறார்.

24:1 "இஸ்ரவேலின்மேல்" கோபம் மூண்டது என்கிறது, ஆகவே காரணம் இருக்கத்தான் வேண்டும் என்பது இந்த வாசிப்பின் ஒரே பலம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன காரணம் என்று வசனம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் செத்தவர்கள்மேல் ஒரு குற்றத்தை நாமே எழுதிச் சேர்ப்பது, யோபின் மூன்று சிநேகிதர் செய்த வேலை. யோபு 42:7இல் அதற்குக் கர்த்தர் அவர்களிடம் என்ன சொன்னார் என்பதையும் படியுங்கள்.

ஜனவரி 12, இரவு 11.50

முந்தைய குறிப்பில் 24:1ஐச் சொல்லும்போது ஒரு சொல்லைத் தவறவிட்டேன். "கர்த்தருடைய கோபம் *திரும்ப* மூண்டது." திரும்ப என்றால் முன்னே எப்போது? அது 21ஆம் அதிகாரத்தைத் தொட்டு நிற்கிறது. 21 முதல் 24 வரை சாமுவேலின் கடைசிப் பகுதி ஒரு கட்டு. ஒரு முனையில் பஞ்சம், மறு முனையில் நோய். இரண்டிலும் ராஜா செய்த குற்றம், வேறு யாரோ சாவு.

21இல் மூன்று வருஷப் பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்றதே காரணம் என்று பதில் வருகிறது. சவுல் செத்துப்போய்விட்டான். கிபியோனியர் அவன் சந்ததியில் ஏழு பேரைக் கேட்கிறார்கள், தாவீது கொடுக்கிறான். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் இரண்டு குமாரர், சவுலின் குமாரத்தியின் ஐந்து குமாரர். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் ஏழு பேரையும் மலையின்மேல் தூக்கிலிடுகிறார்கள்.

மோசேயின் பிரமாணம் இதை நேராகத் தடுக்கிறது. பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படக்கூடாது (உபாகமம் 24:16). அமத்சியா ராஜா தன் தகப்பனைக் கொன்றவர்களைக் கொன்றபோது, இந்தக் கட்டளையைச் சொல்லியே அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டான் (2 இராஜாக்கள் 14:6). எசேக்கியேல் 18 ஒரு அதிகாரம் முழுக்க, பிதாக்கள் தின்ற திராட்சக்காய்க்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்கிறது. மறுபுறம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிப்பேன் என்று யாத்திராகமம் 20:5 இருக்கிறது. வேதத்துக்குள்ளேயே இந்த வழக்கு நடக்கிறது, இரண்டு தரப்புக்கும் வசனம் உண்டு. ஒரு தரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு "வேதம் சொல்கிறது" என்று முடிப்பவர் மறுதரப்பு வேதத்தை மறைக்கிறார்.

இப்போது ரிஸ்பாளிடம் வருகிறேன், நான் இந்தக் குறிப்பை எழுதுவதே அவளுக்காக. அவள் இரட்டுத் துணியைப் பாறையின்மேல் விரித்துக்கொண்டு, அறுப்புத் தொடக்கத்திலிருந்து வானத்திலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் ஆகாயத்துப் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அண்டவிடவில்லை. வாற்கோதுமை அறுப்பு அந்த நாட்டில் ஏப்ரல். பருவமழை அக்டோபர் வாக்கில். இடையில் ஒரு கோடை மழை பெய்து அவளுக்கு முன்னமே விடிந்திருக்கலாம். இல்லாவிட்டால் ஆறு மாதம். ஏழு உடல்கள், அதில் தான் பெற்றது இரண்டே. மற்ற ஐந்துக்கும் சேர்த்துக் காவல்.

இதை ராஜாவுக்கு யாரோ போய்ச் சொல்கிறார்கள். அதன் பிறகே தாவீது சவுலின் எலும்பையும் அவன் மகன் யோனத்தானின் எலும்பையும் எடுத்து வந்து, தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்பையும் சேர்க்கிறான், அடக்கம் நடக்கிறது. "அதற்குப்பின்பு" தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் (21:14). எதற்குப் பின்பு? ஏழு பேர் தொங்கியது 9ஆம் வசனம். வேண்டுதல் கேட்கப்பட்டது 14ஆம் வசனம். நடுவில் இருப்பது ஒரு தாயின் காவலும், ஒரு ராஜாவின் வெட்கமும், ஒரு அடக்கமும்.

24இன் கடைசி வசனத்திலும் இதே வினை, இதே வாக்கியம்: கர்த்தர் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார். கட்டின் இரு முனையிலும் ஒரே முடிச்சு.

ஜனவரி 13, காலை 8.00

சின்னக் குறிப்பு. "70,000 என்பது மிகைப்படுத்திய எண், அதனால் கவலைப்படாதீர்கள்" என்று ஒருவர். எண்ணில் சிக்கல் இருப்பது உண்மை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யோர்தானுக்கு மேற்கே மொத்த மக்களே ஏறத்தாழ 4,00,000 என்று தொல்லியலாளர் மதிப்பிடுகிறார்கள். 13,00,000 வீரர் அதற்கும் முன்னால் இருந்திருக்க வழியில்லை. நாளாகமத்தில் இஸ்ரவேல் 11,00,000, யூதா 4,70,000 என்று வேறு எண்கள், அதிலும் லேவியும் பென்யமீனும் சேர்த்தி இல்லை. "ஆயிரம்" என்ற எபிரெயச் சொல்லுக்குப் படைப்பிரிவு, குலம் என்ற பொருளும் உண்டு. எழுபது குலமாகக் குறைத்தாலும், எழுபது ஆளாகக் குறைத்தாலும், தாவீதின் கேள்வி குறையவில்லை.

ஜனவரி 13, இரவு 9.10

மதுரையைக் கண்ணகி எரித்ததோடு ஒப்பிட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். ராஜாவின் தப்பு, நகரத்துக்குத் தீ. ஒப்பீடு ஒரே ஒரு இடத்தில் உதவுகிறது. கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளை கொடுக்கும்போது பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என்று விலக்குப் பட்டியல் கொடுக்கிறாள். தீ யாரைத் தொடக்கூடாது என்ற கவலை அங்கே இருக்கிறது. இங்கே 24ஆம் அதிகாரத்தில் தூதனுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

வேதத்தில் வேறு இடங்களில் உண்டு. எசேக்கியேல் 9இல் மைக்கூடு வைத்தவன் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போட்டுவிட்டுப் போகிறான். ஆதியாகமம் 18இல் ஆபிரகாம் 50இல் தொடங்கி, 45, 40, 30, 20, 10 என்று இறங்கி வருகிறான், நீதிமானைத் துன்மார்க்கனோடு அழிக்கலாமா என்று நேருக்குநேர் கேட்கிறான், யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பத்தில் நிறுத்தினான். ஏன் பத்தில் நிறுத்தினான் என்பதும் இந்தக் கேள்வியோடு சேர்ந்ததுதான்.

ஜனவரி 15, காலை 7.00

ஞாயிறு பள்ளியில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

24ஐ முழுக்கச் சத்தமாக வாசிக்கவிடுங்கள், 25 வசனம்தான், ஐந்து நிமிடம். விளக்கம் சொல்லாமல், "எங்கே உங்களுக்குச் சங்கடமாக இருந்தது?" என்று மட்டும் கேட்டு, சொன்ன வசன எண்களைப் பலகையில் எழுதுங்கள். 1, 15, 17 வந்துவிடும், எப்போதும் வரும். பிறகு நாளாகமத்தின் முதல் வசனத்தை வாசித்து, இது எதை மாற்றுகிறது, எதை மாற்றவில்லை என்று கேளுங்கள். பிறகு எசேக்கியேல் 18:20. கடைசிப் பதினைந்து நிமிடம் ரிஸ்பாளுக்கு வையுங்கள்.

கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. யாராவது ஒரு பிள்ளை, "அப்படியானால் சுனாமியும் தண்டனையா?" என்று கேட்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மேடைகளில் அப்படிப் பேசியவர்கள் உண்டு. கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காதில் அது விழுந்தது. அந்தக் கேள்வி வந்தவுடன் லூக்கா 13:4ஐத் திறங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். 2 சாமுவேல் 24இல் காரணத்தைச் சொல்வது நூலாசிரியர். அந்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைய பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அடக்க வீட்டில் இந்த அதிகாரத்தை வாசிக்கவே வேண்டாம்.

ஜனவரி 15, பிற்பகல் 2.30

வ. 22க்கு ஒரு சின்ன மொழிபெயர்ப்புக் குறிப்பு. தாவீது பலிபீடம் கட்ட வாங்கிய களத்தின் சொந்தக்காரன் அர்வனா விறகுக்குக் கொடுக்கிற "போரடிக்கிற உருளைகள்" உருளையாக இருக்கவேண்டியதில்லை. எபிரெயத்தில் "மோராக்", அடியில் கூர்மையான கற்கள் பதித்த கனமான மரப்பலகை. மாடு இழுக்கும், ஆள் மேலே நிற்பான். வைக்கோல் நறுங்கும், மணி உதிரும். நம் ஊரில் மாட்டை வட்டமாக மிதிக்கவிடுவதுதான் வழக்கம் என்பதால் நமக்கு அந்தக் கருவிக்குச் சொல் இல்லை. தாவீது களத்துக்கும் மாடுகளுக்கும் கொடுத்தது 50 சேக்கல் வெள்ளி, சுமார் 570 கிராம். நாளாகமத்தில் 600 சேக்கல் பொன், சுமார் 6.8 கிலோ. கோத்திரத்துக்கு 50 வீதம் பன்னிரண்டு கோத்திரம் கொடுத்தது என்று தால்முட் இரண்டையும் பொருத்துகிறது. பெருக்கல் பொருந்துகிறது, வெள்ளி பொன்னாவதை அந்தப் பெருக்கல் தொடவில்லை.

இலவசமாய் வாங்கித் தகனபலி செலுத்தமாட்டேன் என்று தாவீது சொன்னது இந்தக் களத்தில்தான்.

ஜனவரி 17, இரவு 10.40

முதல் நாள் 17ஆம் வசனத்தைத் தாவீதின் பெருமையாகவே எழுதினேன். இன்று மறுபடி படித்தபோது இரண்டு விஷயம் பிடிபட்டது.

ஒன்று, அவன் வேண்டுதலின் இரண்டாம் பாதி: உம்முடைய கை எனக்கும் *என் தகப்பன் வீட்டுக்கும்* விரோதமாயிருப்பதாக. தகப்பன் வீட்டார் என்ன செய்தார்கள்? ஆடுகளுக்காகப் பேசுகிற அதே மூச்சில் இன்னும் சில ஆடுகளைத் தன்னோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறான். தன் தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் அந்தக் காலத்து மனிதனால் குடும்பத்தைவிட்டுத் தனியாக நிற்க முடியவில்லை. எசேக்கியேல் 18 வர இன்னும் பல நூற்றாண்டு இருக்கிறது.

இரண்டு, சாக்கடல் ஓரத்துக் கும்ரானின் 4ஆம் குகையில் 1952இல் கிடைத்த சாமுவேல் சுருளில் இந்த வசனம் கொஞ்சம் வேறாக இருக்கிறது. நம் மூலத்தில் "நான்தான் அக்கிரமம்பண்ணினேன்" என்று இருக்கிற இடத்தில் சுருள், "மேய்ப்பனாகிய நான் பொல்லாப்புச் செய்தேன்" என்கிறது. எபிரெயத்தில் மேய்ப்பன் என்ற சொல்லும் பொல்லாப்பு என்ற சொல்லும் எழுத்தில் அவ்வளவு நெருக்கம். மேய்ப்பன் என்று சொன்ன பிறகு "இந்த ஆடுகள்" என்று வருவது எவ்வளவு இயல்பாக விழுகிறது பாருங்கள். பிரதி எடுத்த யாரோ ஒருவர் கண்ணில் அந்தச் சொல் தவறிப்போயிருக்கலாம்.

கேள்வி கேட்டவருக்கு: தாவீதின் கேள்விக்குப் பதில் எங்கே என்று 18ஆம் வசனத்தில் தேடினேன். பதில் இல்லை. காத் அன்றைய தினமே வந்து, போ, அர்வனாவின் களத்தில் பலிபீடம் கட்டு என்கிறான். நாளாகமத்தில் அந்தக் களத்தில் ஒருவன் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருக்கிறான். திரும்பிப் பார்க்கிறான், தூதன் நிற்கிறான். அவனோடு இருந்த நான்கு குமாரரும் ஒளிந்துகொள்கிறார்கள்.